பதினோராவது ஃபாரம்

காடு எரிந்து பத்து நாள் கழித்து எர்ணாகுளத்திலிருந்து ஒரு கமிட்டி வந்து ஊத்துக்கரடு பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு பேனர் கட்டியது. மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் பேனரில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "உங்களுக்காக ஒரு தணல்."

ஹஸீபா பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தாள். மலையாளத்தில் தணல் என்றால் நிழல். யாரோ ஒரு புண்ணியவான் அந்த வார்த்தையை அப்படியே தூக்கித் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டான். வீடு எரிந்து பள்ளிக்கூடத்து பெஞ்சில் சுருண்டு கிடக்கிற பதினோரு குடும்பத்துக்கு, இந்தாருங்கள், கொஞ்சம் கங்கு கொண்டுவந்திருக்கிறோம் என்று அர்த்தம். அதன் கீழே பூச்செண்டு படம் வேறு. ஹஸீபா செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கமிட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மாற்றிவிடுவார்களே!

மலையாளத்து எல்லைக்குள், கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அத்தா மூசா நோட்டும் பேனாவும் விற்றுக்கொண்டிருந்த கடை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள் அவள். ரேஷன் கார்டு, நில வரி, கரண்டு கனெக்‌ஷன், எதுவானாலும் தோட்டத்து ஜனங்கள் மலையாள ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அவளும் எழுதிக் கொடுப்பாள். எழுதத் தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம். எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிற ஆபீசர்களைப் பார்த்தால் இன்னும் இளக்காரம். இரண்டு பக்கத்தாரும் தன்னைத் தாண்டாமல் ஒருத்தரோடு ஒருத்தர் பேச முடியாது என்பதில் நாற்பத்தைந்து வயதிலும் அவளுக்கு உள்ளூர ஒரு குஷி இருந்தது.

தீயை அவள் பார்க்கவில்லை, புகையைத்தான் பார்த்தாள். மாசிக் கடைசியில் மலைமேல் மூன்று நாள் எரிந்தது. நான்காம் நாள் மத்தியானம் காற்று திரும்பியதும் காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. மாந்தோப்புகள் போயின. தோப்புக்குள் தள்ளித் தள்ளி இருந்த பதினோரு ஓட்டு வீடுகளும் ஒரு மணி நேரத்தில் போயின. குப்பண்ணன் சம்சாரம் சின்னத்தாயி மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. கட்டிய சேலையோடு ரோட்டுக்கு வந்தவள் அவள். பட்டா, ரேஷன் கார்டு, மகள் செல்வப்பிரியாவின் கல்யாண போட்டோ எல்லாம் உள்ளேயே போய்விட்டன.

அப்புறம் வந்ததுதான் உதவி. அட, என்ன உதவி! லாரி லாரியாகப் பழந்துணி. ஒரு மூட்டையைப் பிரித்தால் கோட்டு, சூட்டு. இன்னொன்றில் ஜிகினா வைத்த பார்ட்டி கவுன், குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று, அதற்கு ஜோடி இல்லை. யாரோ அலமாரியைக் காலி பண்ணிக்கொண்டு புண்ணியமும் சம்பாதித்துக்கொண்டார்கள். ஒரு நாள் அன்னமேரி என்று ஒரு கவுன்சிலிங் பெண் வந்து, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடிக் கடலை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அதில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே கிடையாது. சின்னத்தாயி கண்ணை மூடினாள், ஆறு நாள் அசதியில் அப்படியே தூங்கிப்போனாள். நல்ல முன்னேற்றம் என்று அன்னமேரி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

வீடு கட்டித் தருகிறோம் என்று சொன்னது இந்த எர்ணாகுளத்துக் கமிட்டி ஒன்றுதான். அதற்கு ஒவ்வொரு குடும்பமும் என்ன இழந்தது என்று ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டும். மலையாளத்தில் எழுத ஆள் வேண்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் கூப்பிட்டதால்தான் ஹஸீபா வந்திருந்தாள். வந்து ஐந்தாம் வகுப்பறையில் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து காலையிலிருந்து எழுதினாள்.

கமிட்டிப் பக்கம் பொறுப்பு ஜிபி என்கிற பையனுக்கு. இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், வாயைத் திறந்தால் ரூல். போட்டோ எடுக்கும்முன் சம்மதம் கேட்க ஒரு ரூல், தட்டில் சோறு வைக்க ஒரு ரூல். பத்து ஃபாரம் முடிந்ததும் அவற்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான். முஸ்லிம் அக்காக்களை அந்தப் பக்கத்தில் இத்தா என்பார்கள்.

"இத்தா, பத்து பேரும் ஒரே போலவா பறஞ்ஞது?"

"ஒரே போலத்தான் எரிஞ்சது," என்றாள் ஹஸீபா.

அவள் எழுதியிருந்தது எல்லாவற்றிலும் ஒன்றுதான்: குடியிருந்த ஓட்டு வீடு முழுவதும் எரிந்துவிட்டது. உள்ளபடிக்கு அந்தப் பத்துப் பேரில் ஒருத்தரும் வீடு என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டைச் சாளை என்றுதான் சொல்வார்கள். "சாளை போயிருச்சுங்" என்று ஒவ்வொருவரும் சொல்ல, அவள் மலையாளத்தில் வீடு என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

ஜிபி தலையை ஆட்டினான். "அங்ஙனெ பாடில்ல இத்தா. அவர் பறயுன்ன வாக்கு அதுபோலே எழுதணும். நம்முடெ வாக்கு வேண்டா." பாதிக்கப்பட்டவர்கள் சொல்கிற சொல்லை அப்படியே எழுத வேண்டும், நாமாக எதையும் மாற்றக் கூடாது, அதுதான் அவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று ட்ரெய்னிங்கில் சொல்லியிருக்கிறார்களாம். சுற்றி இருபது பேர் கேட்க, இதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி விரலை நீட்டிச் சொன்னான்.

ஹஸீபாவுக்குச் சுருக்கென்றது. அவள் கடை வாசலில் கைகட்டி நிற்கிற வயசு இவனுக்கு, இவன் எழுதச் சொல்லிக் கொடுக்கிறானா! பதினோராவது ஃபாரத்தை எடுத்தாள். எதிரே சின்னத்தாயி வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா போச்சு, சொல்லுங்க."

"சாளை போச்சு கண்ணு. அவ்வளவுதான். வேறென்ன இருக்குது சொல்றதுக்கு?"

ஹஸீபா ஜிபியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள். சொன்னபடியே. மலையாள எழுத்தில், "சாள போயி." அவ்வளவுதான். மலையாளத்தில் சாள என்றால் குச்சுக் கொட்டகை. எர்ணாகுளத்துக்காரனுக்கோ அது மத்தி மீனுக்கும் பேர். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். மீனா கொட்டகையா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும், சந்தேகம் வந்தால் என் கடையைத் தேடி வரட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். கீழே சின்னத்தாயியின் பெருவிரலை மையில் அமுக்கி ஒற்றி எடுத்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த வேடிக்கையை நினைத்து ஒரு தரம் சிரித்தும் கொண்டாள். அதோடு மறந்துபோனாள்.

யாரும் சந்தேகம் கேட்டு வரவில்லை. வைகாசி பிறந்து நாலைந்து நாளில் லிஸ்ட் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை ஊர்க்காரர்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவளே ஹஸீபாதான். பத்துப் பேருக்கு வீடு. பதினோராவது பெயருக்கு நேராகக் கொட்டகை என்று போட்டு, தகர ஷீட் நான்கு.

மறுநாள் காலை சின்னத்தாயி கடைக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள் என்று முகாமைக் காலி பண்ணிவிட்டதால் அவளும் குப்பண்ணனும் எரிந்த இடத்திலேயே லாரித் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மாடுகளோடு கிடந்தார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் மழை பிடித்துவிடும். போன வாரம் அடித்த ஒரு கோடை மழைக்கே குப்பண்ணன் இராப்பூராவும் தார்ப்பாய் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"தகரம் நாலுன்னு சொல்றாங்க அம்மிணி. மிச்சம் பொறவு வருமா?" என்று கேட்டாள் சின்னத்தாயி.

"மிச்சம் வராதுங்கக்கா. உங்களுக்கு அவ்வளவுதான் போட்டிருக்காங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் ஊடுங்கறாங்களே. நாங்க என்ன குத்தம் பண்ணுனோம்?"

ஹஸீபாவுக்கு ரத்தம் கொதித்தது. முட்டாள்கள்! எரிந்துபோன பதினொன்றில் பத்து மட்டும் வீடு, ஒன்று மட்டும் கொட்டகையா? நேரில் வந்து பார்த்தவன்கள்தானே, கண் இல்லையா? ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எதையோ தட்டியிருப்பான்கள். "நீங்க வாங்கக்கா. இன்னிக்கு அவனுங்களை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் மறுவேலை," என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டாள். பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரமும் அந்த நாலு வார்த்தையை மலையாளத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நடுநடுவே சின்னத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லீன்னா எங்களுக்கு வாயேது கண்ணு" என்றாள். ஹஸீபா அதை மறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் அன்றைக்குத்தான் விழா. பந்தல், ரிப்பன், பிளாஸ்டிக் நாற்காலி. அட்டையில் ஆள் உயரத்துக்கு ஒரு சாவி செய்து வைத்திருந்தார்கள். வீடு இன்னும் கடக்கால்கூடத் தோண்டவில்லை, சாவி ரெடி. ஒவ்வொரு குடும்பமும் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். வீடு கிடைத்தவர்களில் ஒருவனான தங்கதுரை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து சாவியைத் தலைகீழாகப் பிடித்தபடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கமிட்டித் தலைவர் மேடையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் லிஸ்டில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

ஹஸீபா நேராக ஜிபியின் மேஜைக்குப் போனாள். மைக் செட்டையும் தாண்டிக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். ஏழைகள் என்றால் உங்களுக்கு அவ்வளவு இளப்பமா, படித்தவன் செய்கிற வேலையா இது, ஒரு குடும்பத்தை மழையில் தள்ளிவிட்டு இங்கே அட்டைச் சாவி விளையாட்டா என்று பஸ்ஸில் பழகிய நாலு வார்த்தையும் வந்தது, பழகாத நாற்பதும் வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள். சின்னத்தாயி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றாள்.

ஜிபி ஃபாரங்களின் கட்டிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவி மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"இது இத்தா எழுதியதல்லே?"

நீல மை. உருட்டி உருட்டி எழுதிய, அவள் படித்த சித்தூர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக் கொடுத்த கையெழுத்து. "சாள போயி." கீழே கோணலாகச் சின்னத்தாயியின் பெருவிரல்.

ஹஸீபாவுக்கு அன்றைக்கு அந்த பெஞ்சில் முழங்கால் இடித்தது முதற்கொண்டு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் இது கொட்டகை என்றுதான் புரிந்தது, மற்ற பத்தில் வீடு என்று தெளிவாக இருக்கும்போது இதில் மட்டும் வேறு வார்த்தை இருந்ததால் வேறு பொருள் என்றே எடுத்துக்கொண்டோம், அந்த அம்மாவின் வீடு இன்னொரு இடத்தில் இருக்கும் என்று நினைத்தோம் என்று ஜிபி மெதுவாகச் சொன்னான். அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"என்ன கண்ணு சொல்றான்?" என்றாள் சின்னத்தாயி.

"அவங்க படிச்சதுல தப்பாயிருச்சாமாங்கக்கா," என்றாள் ஹஸீபா.

பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சின்னத்தாயி ஜிபியைப் பார்த்து, "போகட்டும் உடு சாமி, மனுசந்தானே, தப்பு வரும்," என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஜிபிக்குத் தமிழ் அவ்வளவு தெரியாமல் இல்லை. செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவன் ஹஸீபாவைப் பார்த்தான். அவளைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. இந்தப் பொடியனுக்கு இருக்கிற நாகரிகம் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பிறகு அவன் மணியைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். தலைவர் கையெழுத்துப் போடுவதற்குள் மாற்றலாம். ஃபாரத்தை எழுதியவர் தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சம்பந்தப்பட்டவருக்கு அவர் பாஷையில், சாட்சிகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம் புது ஃபாரம். பன்னிரண்டு அடித்துவிட்டால் அடுத்த கூட்டம் ஓணத்துக்குப் பிறகுதான்.

ரூல்! ஹஸீபா கூட்டத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கத்தில் அவளிடம் ஃபாரம் எழுதி வாங்காத ஆள் அந்தப் பந்தலுக்குள் ஒருத்தரும் இல்லை. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யார் கடைக்கு வருவார்கள்? எழுதாவிட்டால் பக்கத்தில் நிற்கிற இந்தப் பொம்பளை மழைக்காலம் பூராவும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மணி பதினொன்றே முக்கால். அவள் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை எழுந்து நின்று தமிழில் வாசித்தாள்.

"சின்னத்தாயி அவர்கள் சொன்ன சாளை என்பது அவர் குடியிருந்த வீடு. ஃபாரத்தில் அதை வேறு அர்த்தம் வரும்படி எழுதியது நான். இதில் கமிட்டியின் தவறு எதுவும் இல்லை. இப்படிக்கு, மூசா மகள் ஹஸீபா."

சின்னத்தாயி முழங்கையிலிருந்து கையை எடுத்தாள்.

"சாளைன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?"

"தெரியுமுங்கக்கா."

"மத்த பத்துப் பேரு என்னன்னு சொன்னாங்க?"

"அவங்களும் சாளைன்னுதானுங்க."

"அவங்களுக்கு என்னன்னு எழுதுனே?"

"ஊடுன்னு."

"எனக்கு?"

ஹஸீபா தரையைப் பார்த்தாள். "இவங்க மேல கோவமுங்க. சொன்னதைச் சொன்னபடி எழுதோணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தாங்க. படட்டும்னு எழுதுனனுங்க."

"இவங்க மேல இருக்கற கோவத்துக்கு என்ற சாளைதான் கெடச்சுதா?"

தங்கதுரைகூடக் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டான். சின்னத்தாயி கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் ஹஸீபா தாங்கியிருப்பாள். அவள் அதெல்லாம் செய்யவில்லை. மேஜையில் புது ஃபாரம் இருந்தது. பழக்கதோஷத்தில் ஹஸீபாவின் கை அதன் பக்கம் போயிற்று. சின்னத்தாயி அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து, அதை ஜிபியின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ எழுது சாமி. நான் சொல்றன்."

"எனிக்கு தமிழ் கொறச்சே அறியூ, அம்மே," என்றான் ஜிபி.

"கொஞ்சந் தெரிஞ்சாப் போதும். நானும் என்ற மாமனும் முப்பது வருசம் சோறாக்கித் தின்னு, புள்ள பெத்து, படுத்து எந்திரிச்ச எடம். அதுக்கு உங்க பாஷைல என்ன பேரோ அதை எழுது."

ஜிபி வீடு என்று எழுதினான். எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், மேலே எழுதினான். அவன் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருந்தது. ஹஸீபா மேஜைக்கு இந்தப் பக்கம், போகவும் தோன்றாமல் நிற்கவும் கூசிக்கொண்டு, அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுதுகிற இடத்தில் அவன் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். சின்னத்தாயி என்பதைச் சின்னதாயி என்று எழுதியிருந்தான். புது ரேஷன் கார்டில் அப்படி இல்லை. பேங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி மூன்று மாதம் அலைய வேண்டும்.

"பேருல ஒரு எழுத்து கொறையுது," என்றாள் ஹஸீபா.

யாரும் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம், இந்தத் தடவை மலையாளத்தில், எந்த எழுத்து என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஜிபியின் பேனா நின்றது. அவன் ஹஸீபாவைப் பார்க்காமல் சின்னத்தாயியைப் பார்த்தான். "இவர் பறயுன்னது செரியாணோ அம்மே?"

சின்னத்தாயிக்கு எந்தப் பாஷையிலும் ஓர் எழுத்துத் தெரியாது. அவள் ஃபாரத்தைப் பார்த்தாள். பிறகு அன்றைக்குக் கடைசித் தடவையாக ஹஸீபாவைப் பார்த்தாள்.

"செரியாத்தான் இருக்கும் சாமி, திருத்திக்கோ," என்றாள். "தெரியாமத் தப்பு எழுதற ஆளில்லை அவ."

ஜிபி எழுத்தைத் திருத்திவிட்டு ஃபாரத்தை மேடைக்கு எடுத்துக்கொண்டு போனான்.